பழையன காத்தல்

பழைய வீட்டைத் திருத்துவோர்க்கும், பழைய ஏட்டைப் பதிப்பிப்போர்க்கும், பழைய வாகனத்தைச் செப்பனிடுவோர்க்கும் பொதுவான சங்கடம் ஒன்றுண்டு. எங்கே கைவைப்பது, எங்கே கைவைக்காமல் விடுவது என்பதே அச்சங்கடம். சென்ற தைப்பொங்கல் விடுமுறையிலே அது எம்மைத் தேடி எமது வீட்டு வாயிலுக்கே வந்து சேர்ந்தது.

எம்மிடம் வரலாறு பயின்று இப்பொழுது பல்கலைக்கழகத்திலே படிக்கும் மாணவன் ஒருவன், வடமராட்சியிலுள்ள தன் பாட்டனார் வீட்டுக்கு எம்மை அழைத்துச் சென்றான். வளவின் பின்புறத்திலே பனையோலை வேய்ந்த கொட்டில் ஒன்று. அதனுள்ளே 1957ஆம் ஆண்டு செய்யப்பட்ட லாண்ட் றோவர் வண்டி ஒன்று நின்றது. பாட்டனார் அதனை அறுபதுகளின் தொடக்கத்திலே அரசாங்க ஏலத்தில் எடுத்தாராம். வன்னியிலிருந்த வயலுக்கு விதைநெல்லும் ஆட்களும் ஏற்றிப் போனதும், அறுவடை முடிய நெல்மூட்டை ஏற்றி வந்ததும் அதுவே. பாட்டனார் காலமாகிப் பல ஆண்டுகளாகின்றன. வர்ணம் மங்கி, ரயர்கள் வெடித்து, இடது பக்க மட்காட் நெளிந்தபடி வண்டி நின்றது. பாட்டியார் மாத்திரம் வாரந்தோறும் அதன் மேலிருந்த தூசியைத் துடைத்து வந்தார்.

கனடாவிலிருந்து வந்திருந்த சிறிய தந்தையார் அவ்வண்டியைத் திருத்தித் தாயாருக்கு ஒரு பரிசாக அளிக்க விரும்பினார். பழைய எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு யப்பானிய டீசல் எஞ்சின் ஒன்றைப் பூட்டுதல், அகன்ற ரயர்கள் போடுதல், மட்காட்டை நிமிர்த்தி முகம் பார்க்கத்தக்க பளபளப்புடன் வர்ணம் அடித்தல் என்பன அவருடைய திட்டம். மாணவனோ அதற்கு நேர்மாறு. 1957இல் தொழிற்சாலையிலிருந்து எவ்வாறு வெளிவந்ததோ அவ்வாறே வண்டி இருத்தல் வேண்டும், பின்னர் பூட்டப்பட்ட ஒவ்வோர் ஆணியும் களையப்படுதல் வேண்டும் என்பது அவன் வாதம். “சேர், நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்” என்றான் அவன். “மாஸ்டர் சொல்வதற்குக் கட்டுப்படுகிறேன்” என்றார் சிறிய தந்தையாரும்.

எஞ்சினைப் பற்றி எமக்குத் தெரிந்தது மிகச் சொற்பம். ஆயினும் இவ்வழக்கு எஞ்சினைப் பற்றியது மட்டுமன்று, வரலாற்றைப் பற்றியதுமாகும் என்று கண்டோம். இரண்டு வாரத் தவணை கேட்டுக்கொண்டு வீடு திரும்பி, இத்தகைய வண்டிகளைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தோம். படித்ததன் சாரத்தை வாசகர்களும் அறிந்திருத்தல் நன்று.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர் இங்கிலாந்திலே உருக்குத் தட்டுப்பாடு மிகுந்திருந்தது. ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி ஈட்டும் தொழிற்சாலைகளுக்கே அரசாங்கம் தாராளமாக உருக்கு வழங்கிற்று. சொகுசுக் கார்கள் செய்து வந்த றோவர் நிறுவனம் இதனால் திண்டாடியது. அதன் தலைமைப் பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸ் என்பவருக்கு வேல்ஸ் நாட்டை அடுத்த ஆங்கிள்சித் தீவிலே பண்ணை ஒன்றிருந்தது. அங்கே அவர் போரில் எஞ்சிய அமெரிக்க ஜீப் வண்டி ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அது பழுதுற்றால் அதற்கு ஈடாக வாங்குவதற்கு உள்நாட்டிலே வேறு வண்டி இல்லை. ஆகவே 1947ஆம் ஆண்டிலே, ஆங்கிள்சிக் கடற்கரை மணலில், புதிய வண்டியொன்றின் உருவத்தை அவர் தம் தமையனாரும் நிறுவனத்தின் நிருவாகியுமான ஸ்பென்சர் வில்க்ஸுக்கு வரைந்து காட்டினார். அடுத்த ஆண்டு, 1948 ஏப்பிரல் 30ஆம் திகதி, அம்ஸ்ரடாம் மோட்டார் கண்காட்சியில் லாண்ட் றோவர் உலகுக்கு அறிமுகமாயிற்று.

உருக்குக் கிடைக்காமையால் அதன் உடலை அலுமினியக் கலப்பு உலோகத் தகட்டினாற் செய்தார்கள். தகட்டை வளைப்பதற்கான விலையுயர்ந்த அச்சுகள் வாங்கப் பணமில்லாமையாற் பெரும்பாலும் தட்டையாகவே விட்டார்கள். அடிச்சட்டத்தையும் உருக்குப் பட்டைகளைப் பெட்டிபோல ஒட்டியே அமைத்தார்கள். எஞ்சினும் கியர்ப்பெட்டியும் நிறுவனத்தின் கார்களிலிருந்து எடுக்கப்பட்டவை. நான்கு சில்லுகளும் ஒருங்கே இழுப்பதாற் சேற்றிலும் மணலிலும் அது சென்றது. எஞ்சினின் வலுவைக் கொண்டு வயலிலே வேறு பொறிகளை ஓட்டுவதற்கும் வழி இருந்தது. அவ்வண்டியின் அழகு என்று இன்று நாம் கொண்டாடும் அனைத்தும் வறுமையும் தேவையும் கூடிப் பெற்ற பிள்ளைகளே. அழகுக்காகச் செய்யப்படாத ஒன்றை அழகுபடுத்தப் புகுந்தால் அதன் முகம் மாறிப்போகும் என்பதனை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இனி, திருத்துவோரின் வழிகளைப் பார்ப்போம். இதிலே ஒரு விந்தை உண்டு. அந்நிறுவனமே இரு வேறு வழிகளையும் கையாண்டிருக்கிறது.

2016ஆம் ஆண்டிலே அது 25 பழைய வண்டிகளைத் தேர்ந்தெடுத்து, அவை தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் இருந்தவாறே புதுக்கித் தரும் திட்டமொன்றை அறிவித்தது. அக்காலத்து வர்ணம், அக்காலத்து அளவு, அக்காலத்து உறுப்புகள் ஆகியனவே அதற்கு அளவுகோல். எம் மாணவனின் கட்சி இது.

இரண்டு ஆண்டுகளின் பின், 2018 ஜனவரியிலே, வேறொரு செய்தி வந்தது. 1948 அம்ஸ்ரடாம் கண்காட்சியிலே காட்டப்பட்ட வண்டிகளுள் ஒன்று, பல்லாண்டுகளாகக் காணாமற் போயிருந்தது, மீண்டும் அகப்பட்டது. அறுபதுகளிலே அது கடைசியாகத் தெருவில் ஓடியதாம். பின்னர் வேல்ஸ் நாட்டு வயலொன்றிலே 20 ஆண்டுகள் கிடந்து, திருத்துவதற்கென ஒருவர் வாங்க, அவ்வேலையும் முற்றுப்பெறாமல் ஒரு தோட்டத்திலே கிடந்திருக்கிறது. அகப்பட்ட இடமோ அது பிறந்த சொலிஹல் நகருக்குச் சில மைல் தூரத்திலேதான்! நிறுவனத்தார் பழைய பதிவேடுகளைப் பல மாதம் துருவி, அதுவே இது என்று உறுதி செய்தனர்.

பெருந்தொகை உற்பத்திக்கு முன்னர் பரிசோதனையாகச் செய்யப்பட்ட 48 வண்டிகளுள் இதுவும் ஒன்று. தடித்த அலுமினியத் தகடு, நாகமுலாம் பூசிய அடிச்சட்டம், கழற்றக்கூடிய பின்பெட்டி ஆகியன இவற்றுக்கே உரிய அடையாளங்கள். முன்னைய 25 வண்டிகளையும் புதுக்கிய அதே தொழிலாளரிடமே இதுவும் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் இம்முறை அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை வேறு: வண்டி மீண்டும் ஓட வேண்டும், ஆயின் 1948இலே பூசப்பட்ட இளம்பச்சை வர்ணமும், காலம் அதன் மேல் இட்ட மங்கலும் அவ்வாறே பேணப்படல் வேண்டும். கூடியவரை பழைய உறுப்புகளையே திருத்திப் பூட்ட வேண்டும்.

ஒரே தொழிலாளர் ஒரே வகை வண்டிக்கு இருவகை மருத்துவம் செய்ததன் காரணம் யாது? முன்னையவை அவ்வகையிற் பல்லாயிரத்துள் சில. பின்னையது தனக்கு நிகர் இல்லாதது. புது வர்ணத்தை எந்நாளும் பூசலாம். சுரண்டி எறிந்த பழைய வர்ணத்தை எந்த அரசனாலும் மீட்டுத் தர முடியாது. மீளப் பெற முடியாததை முதலிற் காப்பாற்று என்பதே இக்கலையின் முதற் பாடம்.

இரண்டாவது பாடம், காப்பாற்றல் என்பது தொடாமல் விடுதல் அன்று என்பதாகும். துரு என்பது வரலாறன்று, நோய். லாண்ட் றோவரின் அலுமினிய உடல் செந்துருப் பிடியாது. ஆனால் அதன் அடிச்சட்டமும், ஓட்டுநரின் பாதங்களுக்கு முன்னுள்ள தடுப்புச் சுவரும் உருக்கினாலானவை. அடிச்சட்டம் பெட்டிபோல் உள்ளே வெறுமையாக இருத்தலால், உட்புகுந்த நீரும் சேறும் அங்கேயே தங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே வர்ணம் நன்றாயிருக்க, உள்ளே தகடு காகிதம்போல் ஆகிவிடுவதுண்டு. அலுமினியமும் உருக்கும் ஈரத்திலே ஒன்றையொன்று தொட்டு நிற்குமிடத்தில் அலுமினியம் வெண்பொடியாய் உதிரும். பௌதிகம் பயிலும் மாணவர் இதன் காரணத்தை அறிவர். ஆகவே அனுபவசாலியானவர் சிறு சுத்தியலால் அடிச்சட்டம் முழுவதையும் தட்டி, எழும் ஓசையைக் கேட்டு நோயிருக்கும் இடத்தை அறிவார். கெட்ட பகுதியை மாத்திரம் வெட்டி அதேயளவு புதுத் தகட்டை ஒட்டுவார். பிறேக், திசைதிருப்பும் தண்டுகள், ரயர், மின்கம்பி ஆகியவற்றில் அவர் பழமை பாராட்டார். அவை உயிரோடு தொடர்புடையவை. பழைய பிறேக் குழாயைக் காப்பாற்றப் போய்ப் பேரப்பிள்ளையை இழப்பது பேதைமையன்றோ!

மூன்றாவது பாடம், எழுதி வைத்தலாம். ஒவ்வோர் உறுப்பையும் கழற்றுமுன் படம்பிடித்து, பெயர்ச்சீட்டுக் கட்டி, எங்கிருந்து எடுத்தது, என்ன செய்தது என்று கொப்பியொன்றிலே குறித்தல் வேண்டும். மாற்றப்பட்ட பழைய உறுப்பையும் எறிந்துவிடலாகாது. நாம் இன்று செய்வது பிழையாயின், நாளை வருபவர் அதனைத் திருத்துவதற்கு வழிவிட்டு வைப்பது நம் கடமை. பழைய ஏட்டைப் பதிப்பிக்கும் புலவர் பாடபேதங்களைக் கீழே குறித்துச் செல்வதும் இந்நோக்கத்தினாலன்றோ?

இவ்விடத்திலே பழைய கிரேக்கக் கதையொன்று எமக்கு ஞாபகத்துக்கு வருகின்றது. தெசியஸ் என்னும் வீரன் ஏறிவந்த கப்பலை அதென்ஸ் நகரத்தார் நெடுங்காலம் பேணினராம். பலகை ஒன்று உளுத்தால் அதனைக் கழற்றிப் புதுப்பலகை இடுவர். இவ்வாறு செய்து வரும் கப்பல் பழைய கப்பல்தானா, அன்றி வேறொன்றா என்று தத்துவஞானிகள் வாதிட்டனர் என புளூட்டாக் எழுதியிருக்கின்றார். நம்மூர்த் தேரை நினைத்துக்கொண்டால் இவ்வினாவுக்கு விடை கூறல் கடினமன்று. அச்சு மாறும், சில்லு மாறும், வடமும் மாறும். ஆயினும் நம் பாட்டனார் இழுத்த தேரையே நாம் இழுக்கின்றோம் என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. ஓட்டம் அறாதவரை தேர் அதே தேர்தான். ஒரே நாளில் எல்லாவற்றையும் கழற்றி மாற்றினாலோ, பெயரைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது.

ஓட்டத்தின் பெருமைக்கு இன்னொரு சான்றும் உண்டு. 1955ஆம் ஆண்டு செப்ரெம்பரிலே ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த அறுவர், இரண்டு லாண்ட் றோவர்களில் இலண்டனிலிருந்து புறப்பட்டு, ஐரோப்பாவையும் ஆசியாவையும் தரைவழியே கடந்து, 1956 மார்ச்சிலே சிங்கப்பூரை அடைந்தனர். அவர்களுள் ஒருவரான ரிம் சிலெசர் அப்பயணத்தை நூலாக எழுதினார். இரு வண்டிகளுள் ‘ஒக்ஸ்போர்ட்’ என்னும் பெயருடையது பின்னர் அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள சென் ஹெலினாத் தீவிலே கைவிடப்பட்டுப் பல ஆண்டுகள் கிடந்தது. 2017ஆம் ஆண்டிலே ஒருவர் அதனை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து திருத்தினார். 2019 ஓகஸ்டிலே அதே வண்டி சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, டிசெம்பரிலே இலண்டனை அடைந்தது. எண்பத்தேழு வயதினரான சிலெசர் தாமே போகவிருந்தார். புறப்படும் வேளையில் நோயுற்றமையால் அவரது இடத்திலே பேரன் ஏறிச் சென்றான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தால் அவ்வண்டிக்கு இப்பேறு கிட்டியிராது.

இவையெல்லாவற்றையும் படித்துவிட்டு, இரண்டு வாரத்தின் பின் அக்கொட்டிலுக்கு மீண்டும் சென்றோம். சிறிய தந்தையாரிடம் நாம் கூறியது இது: “இந்த எஞ்சினை எறிய வேண்டாம். உள்ளூர் மெக்கானிக் ஒருவர் பிரித்துப் பார்த்துச் சொல்லட்டும். புது எஞ்சின் பூட்டினால் உங்கள் தாயார் அறிந்த அந்தச் சத்தம் போய்விடும். பளபளப்பும் வேண்டாம். பிறேக்குக்கும் ரயருக்கும் அடிச்சட்டத்துக்கும் தாராளமாகச் செலவிடுங்கள்.” அவர் சற்றே வாட்டமுற்றாரெனினும் இசைந்தார்.

மாணவன் முகம் மலர்ந்தது. ஆனால் அவனுக்கும் ஒரு வார்த்தை மிச்சமிருந்தது. எஞ்சின் மூடியைத் திறந்தபோது, உட்புறத்திலே தகரத்தால் வளைத்துச் செய்த தாங்கியொன்றும் சிறு குழாய்த் திறப்பு ஒன்றும் பூட்டப்பட்டிருந்தன. “இது தொழிற்சாலையிலே பூட்டியதன்று. முதலில் இதைக் கழற்ற வேண்டும், சேர்” என்றான் அவன். அது யாதென்று அவன் அறியான். அவன் பிறந்தது பிற்காலத்திலே. நாமோ கண்டவுடன் அறிந்தோம்.

தொண்ணூறுகளிலே பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்திலே பெற்றோல் அரிதாயிற்று. அந்நாளிலே நம்மவர் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களையெல்லாம் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில துளி பெற்றோலை ஊட்டி எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவர். நாம் சாதாரணதரப் பரீட்சை எழுதப் போனதும் அவ்வாறான ஒரு வாடகைக் காரிலேதான். வினாத்தாள் மறந்துபோயிற்று, உடுப்பில் ஏறிய அந்தப் புகைமணம் இன்னும் மறக்கவில்லை. இந்தத் தாங்கி அத்துளிப் பெற்றோற் போத்தலுக்காக யாரோ ஒரு மெக்கானிக் செய்து கொடுத்தது. நோயாளரையும் கர்ப்பிணிகளையும் எத்தனை இரவுகளில் இவ்வண்டி சுமந்ததோ! 1957இலே சொலிஹல் தொழிலாளி பூட்டிய ஆணி இவ்வண்டியின் வரலாறு என்றால், தடைக்காலத்திலே வடமராட்சி மெக்கானிக் பூட்டிய தகரமும் அதன் வரலாறேயாகும். “பிறந்த நாளோடு ஒருவருடைய வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை, தம்பி. இதைக் கழற்றாதே, கொப்பியில் எழுதி வை” என்றோம்.

எல்லாம் இணக்கமாக முடிந்தவேளையிலே சிறிய தந்தையார், “அந்த மட்காட் நெளிவை மட்டுமாவது நிமிர்த்திவிடுவோம், மாஸ்டர், பார்க்க அவலட்சணமாயிருக்கிறது” என்றார். அதுவரை வாய்திறவாது குந்திலே அமர்ந்திருந்த பாட்டியார் எழுந்து வந்தார்.

“உதிலை கை வைக்காதை, தம்பி” என்றார் அவர். “அறுபத்திநாலாம் ஆண்டுச் சூறாவளி. எனக்கு வயிற்றுக் குத்து. கொப்பர் என்னை உதிலை ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகேக்கை பனை முறிஞ்சு விழுந்தது. அலவாங்கு போட்டுப் பனையைக் கிளப்பிப்போட்டுத்தான் கொண்டுபோனவர். விடியப்புறம் நீ பிறந்தாய்.”

தந்தையார் எங்கேயோ கவனக்குறைவாக மோதிய நெளிவென்றே அம்மனிதர் அறுபது ஆண்டுகளாக எண்ணியிருந்தாராம். அவர் ஒன்றும் பேசவில்லை. நெளிவின் மேலே கையை வைத்தபடி நெடுநேரம் நின்றார்.

வண்டி இப்பொழுது ஓடுகின்றது. பிறேக்கும் ரயரும் புதியவை, எஞ்சின் பழையது, வர்ணம் மங்கலானது. கொப்பியை மாணவன் எழுதி வருகின்றான். அதன் முதற்பக்கத்திலே, பாட்டியார் சொல்லச் சொல்ல, மட்காட் நெளிவின் கதை எழுதப்பட்டிருக்கின்றது.

மாணவர்களே, உங்கள் வீடுகளிலும் பழைய பொருள்கள் இருக்கலாம். தையற் பொறியாயிருக்கலாம், சுவர்க்கடிகாரமாயிருக்கலாம், பாட்டனாரின் சைக்கிளாயிருக்கலாம். அவற்றைத் திருத்துங்கள், ஓட்டுங்கள், பயன்படுத்துங்கள். ஆனால் சுத்தியலைக் கையில் எடுக்குமுன்னர், வீட்டிலுள்ள முதியவர் ஒருவரை அருகில் அழைத்து, “இந்த நெளிவு எப்படி வந்தது?” என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.